பீரோ சாவி

முப்பத்தொரு ஆதார் கார்டுகளைத் துணிப்பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்ததும் ஜெராக்ஸ் கடை பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “என்னா மேடம், எலெக்ஷன் எதனா வருதா?” என்றார். பக்கத்தில் நின்றிருந்த காலேஜ் பெண்கள் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்குக் கோபம் சட்டென்று வரும். இருபது வருஷமாக அரியாங்குப்பத்திலிருந்து பாலத்தைத் தாண்டி டவுனுக்கு வேலைக்கு வருகிறவளுக்கு, அதுவும் மழைநாளில் ஸ்கூட்டியில் வருகிறவளுக்கு, பொறுமை எங்கே மிச்சம் இருக்கும்.

“எல்லாம் எங்க ஆளுங்களுது. முன்னாடி பின்னாடி கலர்ல எடுத்து, கனமா லேமினேஷன் போட்டுக் குடுங்க. ஒண்ணு மாறினாலும் உங்களத்தான் கேப்பேன்” என்றேன்.

அவர் ஒவ்வொன்றாக எடுத்து, ஓரம் வெட்டி, மெஷினில் விட்டுச் சூடாக நீட்டினார். அசலையும் நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது எது என்று எனக்கே தெரியவில்லை. அவ்வளவு சுத்தமான வேலை. அன்றைக்கு நான் பட்ட பெருமையை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

நான் வேலை பார்ப்பது ஒரு குப்பைக் கம்பெனியில். ஊர்க்குப்பையை வண்டியில் அள்ளுவது எங்கள் வேலை. அதில் மக்கும் குப்பை ஒரு பக்கம் போகும். பிளாஸ்டிக், அட்டை, பாட்டில் எல்லாம் தட்டாஞ்சாவடியில் ஒரு ஷெட்டுக்குப் போகும். அங்கே அவற்றைத் தரம் பிரித்து, அமுக்கிக் கட்டி, லாரியில் ஏற்றுவார்கள். அந்த ஷெட்டை எங்களுக்காக நடத்தியவர் ஒரு மேஸ்திரி. பிரிக்கிற ஆட்களை அவர் கள்ளக்குறிச்சி, சங்கராபுரம் பக்கத்திலிருந்து கூட்டி வந்து, ஷெட்டுக்குப் பின்னால் தகரம் போட்ட அறைகளில் தங்க வைத்திருந்தார். காகிதத்தில் பார்த்தால் அவர்கள் எங்கள் ஆட்கள் இல்லை. அதனால் பல வருஷம் நாங்கள் யாரும் அவர்களை ஆட்களாகவே பார்க்கவில்லை. மேலதிகாரிகளை மட்டும் சொல்லித் தப்பித்துக்கொள்ளப் போவதில்லை. அட்டெண்டன்ஸ் பிரிவில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்த என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

எங்கள் பிளாஸ்டிக்கை வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் ஒருநாள் கடிதம் போட்டார்கள். உங்கள் வேலையிலும், உங்களுக்கு வேலை செய்து தருகிறவர்களிடமும் கட்டாய உழைப்பு இல்லை என்று நிரூபித்தால்தான் இனிமேல் வாங்குவோம், ஆடிட் பண்ண ஆள் அனுப்புவோம் என்று. ஆபீசில் ஒரே பரபரப்பு. யாரை இதற்குப் பொறுப்பாகப் போடுவது என்று பார்த்தார்கள். வாய் கொழுப்பு உள்ளவள், நாலு பேரை அதட்டத் தெரிந்தவள், பைலை ஒழுங்காக வைப்பவள் என்று என்னைப் போட்டார்கள். பீச் பக்கத்து ஓட்டல் ஒன்றில் இரண்டு நாள் ட்ரெய்னிங். திரையில் முதல் படமே சங்கிலி போட்ட இரண்டு கைகள். மனிதர்களை எப்படியெல்லாம் பிடித்து வைக்கிறார்கள் என்று ஒரு பட்டியல் கொடுத்தார்கள். அடிப்பது, பூட்டி வைப்பது, முன்பணம் கொடுத்துக் கட்டிப்போடுவது, அடையாள அட்டையைப் பிடுங்கி வைத்துக்கொள்வது. நான் எல்லாவற்றையும் பச்சை மையில் அடிக்கோடிட்டேன்.

என் அப்பா மில்லில் வேலை பார்த்தவர். நான் பள்ளிக்கூடம் போகிற வயதில் ஒருநாள் காலை ஷிப்டுக்குப் போனவர், மில் கேட்டைப் பூட்டிவிட்டார்கள் என்று சாப்பாட்டுத் தூக்கைத் திறக்காமலே திரும்பி வந்தார். அதற்கப்புறம் பல நாள் அந்தக் கேட்டுக்கு வெளியே போய் நின்றுவிட்டு வருவார். எங்கள் வீட்டில் அநியாயம் என்றால் அது பூட்டிய கேட்டு. அதைத்தான் எனக்குப் பார்க்கத் தெரியும். அதனால் முதல் தடவை ஷெட்டுக்குப் போனபோது நான் பார்த்ததும் கேட்டைத்தான். ஒரு கதவு கழன்று புல்லில் கிடந்தது. இன்னொன்றைக் கம்பியால் தூணோடு கட்டியிருந்தார்கள். மாடுகள் உள்ளே வந்து காய்கறித் தோலைத் தின்றுவிட்டுத் தங்கள் இஷ்டத்துக்கு வெளியே போயின. எனக்கு மனசு லேசானது. பூட்டே இல்லாத இடத்தில் யாரைக் கட்டி வைக்க முடியும்?

பட்டியலில் ஒன்றே ஒன்றுதான் இடித்தது. ஆட்களுடைய ஆதார் கார்டு, ரேஷன் கார்டு எல்லாம் மேஸ்திரியிடம் இருந்தன. ஒரு பெரிய பிஸ்கட் டப்பாவில் போட்டுத் தன் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தார். நான் ஆடித் தீர்த்துவிட்டேன். “அடுத்தவங்க கார்ட வெச்சிக்க நீங்க யாரு? கம்பி எண்ணணும்னு ஆசையா?” என்றேன்.

அவர் அசரவில்லை. “மேடம், வந்து பாருங்க” என்று தகர அறைகளுக்குக் கூட்டிப் போனார். சுவரில் முழங்கால் உயரத்துக்குத் தண்ணீர் நின்ற கறை இருந்தது. பாய், துணிமூட்டை எல்லாம் செங்கல்மேல் வைத்திருந்தார்கள். மூலையில் எலி வளை. “ஐப்பசி மழையில உள்ள தண்ணி பூந்துடுது. எலி எல்லாத்தையும் கடிக்குது. கார்டு போச்சின்னா மறுபடி வாங்க எத்தினி நாளு அலையணும்னு உங்களுக்குத் தெரியும். எங்க வெச்சிக்கணும்னு நீங்களே சொல்லுங்க” என்றார். பின்னால் நின்ற பெண்களில் இரண்டு பேர் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

அவர் சொன்னது பொய்யில்லை. அதுதான் என்னை மாட்டிவிட்டது. வாரக் கடைசி முழுக்க யோசித்தேன். திங்கட்கிழமை எனக்குக் கொம்பு முளைத்தது. ஷெட்டு ஆபீஸ் அறைக்கு ஒரு இரும்பு பீரோ வாங்க வைத்தேன். கார்டுகள் எல்லாம் மேஸ்திரி கையிலிருந்து அதற்குள் போயின. சாவி என் வீட்டுச் சாவிக்கொத்தில் சேர்ந்தது. வேண்டும்போது எடுத்துக்கொள்ள ஒரு நோட்டு. தேதி, பேர், எதற்காக, திருப்பித் தந்த நாள் என்று கட்டம் போட்டேன். யார் கார்டு யார் கைக்குப் போனது என்று நாளைக்கு ஒரு கேள்வி வந்தால் என்ன செய்வது என்று பயந்து, ‘மேஸ்திரி கையெழுத்து’ என்று ஒரு கட்டத்தையும் நானே சேர்த்தேன். யாரும் சொல்லிச் சேர்க்கவில்லை. இருபது வருஷம் ஆபீசில் குப்பை கொட்டியவளுக்குக் கையெழுத்து இல்லாத காகிதம் என்றாலே ஆகாது. அப்புறம், கார்டே கையில் இல்லாமல் இருக்கக் கூடாதே என்று ஆளுக்கொரு லேமினேஷன் நகல். மழையில் நனையாது, எலி கடித்தாலும் போனால் போகட்டும். மேலே எல்லாரும் என்னைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். பீரோவைப் போட்டோ எடுத்து எங்கள் ஆபீஸ் ரிப்போர்ட்டில் போட்டார்கள்.

மூன்று மாதத்தில் அந்த நோட்டில் நாலு வரிகள்தான் விழுந்தன. யாருக்கும் கார்டு தேவைப்படவில்லை போல என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஷெட்டில் ஒருத்தி இருந்தாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். சங்கராபுரம் பக்கத்தில் ஒரு ஊர். புருஷன் கேரளாவுக்கு வேலைக்குப் போனவன் போனவன்தான். எட்டு வயதுப் பெண்ணை அம்மாவிடம் விட்டுவிட்டு மேஸ்திரியோடு வந்திருந்தாள். கவரைக் கையில் எடுத்துக் காதோரம் ஒரு கசக்குக் கசக்கி, சத்தத்தை வைத்தே அது எந்தக் கூடைக்குப் போக வேண்டும் என்று சொல்லிவிடுவாள். பால் கவர் சத்தம் போடாது, பிஸ்கட் கவர் கத்தும் என்று எனக்குக் காட்டிக் கொடுத்தாள். நான் கசக்கினால் எல்லாம் ஒரே மாதிரிதான் கேட்டது. “அக்காவுக்குக் காது ஆபீசு காது” என்று சிரித்தாள். அவள் ஒருத்திதான் என்னை மேடம் என்று கூப்பிடாதவள்.

பீச் பக்கத்து லோடு வந்தால் அவளுக்குக் குஷி. வெளியூர்க்காரர்கள் தூக்கிப் போடும் பொருளில் பாதி நன்றாகவே இருக்கும். கலர் பென்சில் துண்டுகள், தலைக்கு மாட்டும் கிளிப், பாதி தீர்ந்த ரப்பர். சோப்புப் போட்டுக் கழுவி, வெயிலில் காய வைத்து, ஒரு ஊறுகாய் பாட்டிலில் சேர்த்து வந்தாள். பெண்ணுக்கு. பாட்டில் நிறைந்தால் ஊருக்குப் போவேன் என்று சொல்வாள். நான் போன மாதம் பார்த்தபோதே அது நிறைந்துதான் இருந்தது. நான் கேட்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை நான் ஷெட்டுக்குப் போனபோது குப்பை பிரிக்கிற பெல்ட்டை விட்டு இறங்கி அவள் ஓடி வந்தாள். “அக்கா, எங்கம்மாக்கு ரொம்ப முடியலயாம். பக்கத்து வீட்டுக்காரங்க போன் பண்ணாங்க. மூச்சு வாங்குதாம். ஆஸ்பத்திரியில வெச்சிப் பாத்துட்டு வீட்டுக்கே அனுப்பிட்டாங்களாம். நா ஊருக்குப் போவணும். என் கார்டக் குடுங்க.”

“மேஸ்திரிகிட்ட ஒரு கையெழுத்து வாங்கிட்டு வாம்மா, ஒரு நிமிஷத்துல எடுத்துத் தர்றேன்” என்றேன். எவ்வளவு சுலபமாகச் சொன்னேன். நோட்டைத் திறந்து ‘எதற்காக’ என்ற கட்டத்தில் ‘ஊருக்கு’ என்று நானே எழுதியும் வைத்தேன். மேஸ்திரி லாரியோடு வெளியே போயிருந்தார். அவள் பீரோவைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றுவிட்டு பெல்ட்டுக்குத் திரும்பிப் போனாள்.

புதன்கிழமை அந்தக் கட்டம் காலியாகவே இருந்தது. மேஸ்திரியைக் கேட்டேன். “நாளைக்கு ஆடிட்டு. லோடு மலையாட்டம் கெடக்குது. இப்ப ஒருத்தியை வுட்டா பின்னாடியே பத்து பேரு நிப்பாங்க. பொங்கலுக்கு எல்லாரையும் சேத்து அனுப்பறேன் மேடம்” என்றார்.

நான் அவளிடம் போனேன். எனக்கு எரிச்சல் அவள்மேல்தான் வந்தது. “பஸ்ஸுல எவன் கார்டு கேக்கறான்? உங்கிட்டதான் லேமினேஷன் இருக்குதே. நேரா போய் அம்மாவப் பாத்துட்டு வா. வந்து வாங்கிக்கோ” என்றேன்.

“போய்ட்டு வர்றதுக்கா அக்கா கேக்கறேன்?” என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். மெஷின் சத்தத்தில் எனக்குக் காது கேட்காமல் இல்லை. கேட்டது. அதற்கு என்ன அர்த்தம் என்று நின்று யோசிக்கத்தான் நேரம் இல்லை. மறுநாள் ஆடிட்டுக்கு முப்பது பைல் கட்ட வேண்டியிருந்தது.

பிறகுதான் மற்ற பெண்கள் சொன்னார்கள். போன வருஷம் ஒருத்தி கார்டு இல்லாமல் ஊருக்குப் போய்விட்டாளாம். அங்கே பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க, ரேஷனில் பேர் சேர்க்க, எதற்குப் போனாலும் அசல் கார்டு எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்து மேஸ்திரி முன்னால் நின்றாளாம். இன்னொரு வருஷம் வேலை பார்க்கிறேன் என்று சொன்ன பிறகுதான் பிஸ்கட் டப்பா மூடியைத் திறந்தாராம். ஆகையால் கார்டோடு போனால் போனது. கார்டு இல்லாமல் போனால் அது போனது ஆகாது. கழன்று கிடந்த அந்தக் கேட்டைப் பற்றி அங்கே எல்லாருக்கும் தெரிந்திருந்த விஷயம் இது ஒன்றுதான். அம்மாவை ஒரு தடவை உயிரோடு பார்த்துவிட்டு, பெண்ணை அழைத்துக்கொண்டு, இனிமேல் இந்த ஷெட்டுக்கு வராமல் இருந்துவிட வேண்டும் என்பதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

வியாழக்கிழமை ஆடிட். சென்னையிலிருந்து ஒரு அம்மாள் வந்தார். நல்ல மனுஷி. முகத்தைச் சுளிக்காமல் குப்பை மலையைச் சுற்றி வந்தார், கையுறை எங்கே, குடிதண்ணீர் எங்கே என்று கேட்டு எழுதிக்கொண்டார். பெல்ட்டை நிறுத்தச் சொல்லி, எல்லாரையும் ஒரு வரிசையாக நிற்க வைத்து, நல்ல தமிழில் கேட்டார்: “உங்க ஆதார் கார்டு உங்ககிட்டதான் இருக்கா? எடுத்துக் காட்டுங்க பார்க்கலாம்.”

வரிசையாகக் கைகள் உயர்ந்தன. சுருக்குப்பையிலிருந்தும் சட்டைப் பையிலிருந்தும் இடுப்பிலிருந்தும் எடுத்துத் தூக்கிப் பிடித்தார்கள். எல்லாம் பளபளவென்று. பாய் கடை லேமினேஷன் தகரக் கூரை ஓட்டை வழியாக வந்த வெயிலில் மின்னியது. அந்த அம்மாளின் முகம் மலர்ந்தது. அது அசல் இல்லை என்று அவருக்குத் தெரியவில்லை. அந்த வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அவை நகல், அசல் எல்லாம் பத்தடி தள்ளி பீரோவில் இருக்கிறது என்று சொல்ல ஒரு வாய் போதும். ஊர் வாயெல்லாம் என் வாய்தான் என்று பேர் வாங்கியவள் நான். வாய் திறக்கவில்லை.

வரிசையில் ஒரு கை மட்டும் உயரவில்லை. அவள் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“உங்களுது எங்கம்மா?” என்று அந்த அம்மாள் கேட்டார்.

அவள் அப்போதும் என்னையே பார்த்தாள். முறைக்கவில்லை. என்ன செய்யட்டும் அக்கா என்று கேட்கிற பார்வை. ஆடிட்டுக்காக வந்திருந்த எங்கள் மேனேஜர் எனக்குப் பின்னால் நின்று தொண்டையைக் கனைத்தார். நான், வீட்டில் பிள்ளைகளை அதட்டுகிற அதே குரலில், “எடுத்துக் காட்டும்மா” என்றேன்.

அவள் இடுப்பிலிருந்து அதை எடுத்துக் காட்டினாள். “இருக்குதுங்க” என்றாள். அந்த அம்மாள் ஒரு டிக் போட்டுக்கொண்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

சாயந்திரம் ஷெட்டு ஆபீசில் லட்டு கொடுத்தார்கள். நான் ஷெட்டில் பைல்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது அவள் வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. “நா காட்டிட்டேன்ல அக்கா. இப்பவாச்சும் குடுங்க” என்றாள்.

அப்போது கொடுத்திருக்கலாம். சாவி என் இடுப்பில் தொங்கியது. பீரோ என் கைக்கெட்டும் தூரம். ஆனால் அன்றைக்குத்தான் எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள். அன்றைக்கே என் நோட்டில் கையெழுத்து இல்லாத ஒரு வரி விழுவதா என்று தோன்றியது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வேறு எதுவும் தோன்றவில்லை. “நாளைக்கு நானே மேஸ்திரிகிட்ட பேசி வாங்கித் தர்றேன், போ” என்றேன்.

மறுநாள் நான் லீவு. அதையும் மறந்துவிட்டிருந்தேன். உழவர்கரையில் தங்கை மகளுக்கு வளைகாப்பு. பட்டுப்புடவை கட்டி, வளையல் அடுக்கி, ஐந்து வகைச் சாதம் பரிமாறி, பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். மடியில் வைத்திருந்த கைப்பைக்குள் பீரோ சாவி இருந்தது. தயிர்ச்சாதத்தில் கை வைத்தபோது ஞாபகம் வந்தது. சாப்பிட்டு முடித்ததும் போன் பண்ணலாம் என்று நினைத்தேன். அப்புறம் போட்டோ எடுக்கக் கூப்பிட்டார்கள்.

சனிக்கிழமை காலை ஷெட்டுக்குப் போனபோது அவள் ஆபீஸ் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் துணிமூட்டை. மடியில் ஊறுகாய் பாட்டில். நான் ஸ்கூட்டியை நிறுத்துவதற்குள் எழுந்தாள். “அம்மா வெடிகாலையில போய்ட்டாங்கக்கா” என்றாள். அழவில்லை. அழுது முடித்திருந்த முகம்.

பீரோவுக்கு ஓடினேன். இரண்டு தடவை வீட்டுச் சாவியைப் போட்டுத் திருகினேன். அவள் என் கையைப் பிடித்து, சரியான சாவியைக் காட்டினாள். எத்தனை நாள் அதை என் இடுப்பில் பார்த்துக்கொண்டே இருந்திருந்தால் எந்தச் சாவி என்று அவளுக்குத் தெரிந்திருக்கும்! கார்டை எடுத்துக் கொடுத்தேன். புடவைத் தலைப்பால் இரண்டு பக்கமும் துடைத்து, சுருக்குப்பையில் போட்டு, ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். மேஸ்திரி தூரத்தில் நின்று பார்த்தார். கிட்டே வரவில்லை.

ஸ்கூட்டியில் ஏற்றிப் பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோய் விட்டேன். வழி முழுக்க ஒரு கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் பாட்டிலை அணைத்துக்கொண்டு வந்தாள். சிக்னலில் நின்றபோது பாட்டிலுக்குள் பென்சில்கள் கலகலத்தன. விழுப்புரம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் ஜன்னல் வழியாகக் கையை நீட்டினாள். லேமினேஷன் நகல். “இது உங்களுதுக்கா” என்றாள். வாங்கிக்கொண்டேன். அவள் போட்டோவில் தலை வாரி, பொட்டு வைத்து, கொஞ்சம் பயந்த மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் கிளம்பிவிட்டது.

திரும்பி வந்து பீரோவைத் திறந்தேன். மிச்சமிருந்த கார்டுகளை அள்ளி முந்தானையில் போட்டுக்கொண்டு பெல்ட்டுக்குப் போனேன். பேரைப் படித்துப் படித்து ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தேன். வாங்கி வாங்கி மடியில் செருகிக்கொண்டார்கள். ஒரு வயசானவர் மட்டும் நகலையும் அசலையும் இரண்டு கையில் வைத்து மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, நகலைப் பிளாஸ்டிக் கூடையில் போட்டார். எந்தக் கூடை என்று பார்த்துத்தான் போட்டார்.

“திங்கக்கெழம லோடு எறக்க நீங்க வருவீங்களா?” என்று மேஸ்திரி கத்தினார்.

“வர்றேன்யா” என்று நானும் கத்தினேன்.

திங்கட்கிழமை போனபோது முப்பத்தொரு பேரில் ஒன்பது பேர்தான் இருந்தார்கள். அவள் போக மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமை பகலிலேயே, பாயும் மூட்டையும் பாத்திரமுமாக, அந்தக் கேட்டு வழியாகவே போய்விட்டார்களாம். யாரும் ஓடவில்லை, ஒளியவில்லை. வழக்கம்போல ஒரு கதவு புல்லில் கிடந்தது. பெல்ட் நின்றிருந்தது. மாடு ஒன்று அதன் அடியில் தலையை விட்டு எதையோ மென்றுகொண்டிருந்தது. இருபத்திரண்டு பேரை அங்கே பிடித்து வைத்திருந்தது எது என்று யாராவது இனி எனக்கு ட்ரெய்னிங் கொடுக்க வேண்டியதில்லை. பிஸ்கட் டப்பாவில் இருந்ததை இரும்பு பீரோவுக்கு மாற்றிப் பூட்டியவள் நான். மேஸ்திரி டப்பாவுக்குப் பூட்டுக்கூடப் போட்டதில்லை.

நடந்ததை எல்லாம் எழுதி மேலே அனுப்பினேன். அந்த டிக் தப்பு, அசல் எங்களிடம்தான் இருந்தது, எடுத்துக் காட்டச் சொன்னது நான் என்று ஒன்று விடாமல் எழுதினேன். மேஸ்திரியைக் கேட்கவில்லை, ஷெட்டு நின்றுபோனதற்கு என்னிடம் விளக்கம் கேட்டார்கள். பிறகு என்னைப் பழையபடி அட்டெண்டன்ஸ் பிரிவுக்கே மாற்றினார்கள். ஆடிட் தேறியதற்கான சான்றிதழ் கண்ணாடி போட்டு வரவேற்பு அறையில் தொங்குகிறது. தினமும் அதைத் தாண்டித்தான் என் மேசைக்குப் போகிறேன்.

அந்தத் திங்கட்கிழமை மத்தியானம் ஆளில்லாத ஷெட்டில் நின்றுகொண்டே அவளுக்குப் போன் பண்ணினேன். எடுக்கமாட்டாள் என்றுதான் நினைத்தேன். எடுத்தாள். பின்னால் ஒரு சின்னப் பெண்ணின் குரல் எதையோ எண்ணிக்கொண்டிருந்தது. பென்சில்களாக இருக்கும்.

“போய்ச் சேந்தியா? மொகத்தப் பாத்தியாம்மா?” என்று கேட்டேன்.

“இல்லக்கா. மழ கட்டிக்கினு வந்துச்சாம். ரெண்டு மணிக்கே எடுத்துட்டாங்க. நா நாலு மணிக்குத்தான் போனேன். மண்ணு மூடியிருந்துச்சி” என்றாள். அப்புறம், “செவ்வாக்கெழமலேர்ந்து என் பேரச் சொல்லிச் சொல்லிக் கேட்டுக்கினே இருந்தாங்களாம். வந்துட்டாளா, வந்துட்டாளான்னு” என்றாள்.

மன்னிச்சுடும்மா என்று சொல்லத்தான் கூப்பிட்டேன். அதைச் சொல்ல வாயைத் திறந்தால் அழுகைதான் வந்தது. அவள் அந்தப் பக்கம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அழாதீங்கக்கா” என்றாள். “நீங்க என்னா பண்ணுவீங்க? கையெழுத்து மேஸ்திரியோடது. உங்ககிட்ட சாவி மட்டுந்தான இருந்துச்சி.”

குத்திக் காட்டவில்லை அவள். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் அப்படிச் சொன்னாள்.